ஆம்ஸ்டர்டாம்: அணையில் தொடங்கி நடந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஆம்ஸ்டர்டாம் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கண்ணாடிக் கூரைப் படகில் ஒரு மணி நேரம் சுற்றியதைச் சொல்வார்கள். பிறகு, ஏதோவொரு அருங்காட்சியக வாசலில் நின்ற வரிசையைச் சொல்வார்கள். ஊரைப் பற்றிக் கேட்டால் 'அழகாக இருந்தது' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பட்டியலை வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் தாவித் தாவிப் பார்ப்பதால் வரும் குறை இது.

அந்த ஊரை அது வளர்ந்த வரிசையிலேயே நடந்து பார்க்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டல் ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். டச்சு மொழியிலும் அணைக்கு 'டாம்' என்றுதான் பெயர். ஊர்ப்பெயர் அங்கிருந்து வந்தது. அணையை ஒட்டி மீனவர்களும் வணிகர்களும் குடியேறினார்கள். பிறகு துறைமுகம் பெருத்தது. 17-ஆம் நூற்றாண்டில், விரித்த விசிறியின் மடிப்புகள்போல, பழைய ஊரைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. இந்த வரிசையில் நடந்தால் மூன்று நாளில் ஊர் உங்களுக்குப் புரிந்துவிடும். இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் இடங்களைக் குறையுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

புறப்படுவதற்கு முன்: எப்போது போவது, எதை முன்பதிவு செய்வது

ஏப்ரலும் மே மாதமும் டூலிப் பூக்களின் காலம். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஏப்ரல் 27 மன்னர் நாள். அன்று ஊரே ஆரஞ்சு நிறத்தில் தெருவில் இறங்கிவிடும். கொண்டாட்டத்துக்கு நல்ல நாள், பழைய கட்டடங்களைப் பார்க்க உதவாத நாள். நான் செப்டம்பரைச் சொல்வேன். வெயில் மிதமாக இருக்கும். அந்த மாதத்தின் இரண்டாம் வார இறுதியில் 'திறந்த நினைவுச்சின்ன நாள்' என்ற பெயரில், வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் பல பழைய கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். நடந்து பார்க்கும் திட்டத்துக்கு இது பெரிய வேறுபாடு. மழை எந்த மாதத்திலும் வரும், காற்றோடு வரும். குடை திரும்பிக்கொள்ளும், தலைமூடி வைத்த மழைக்கோட்டுதான் உதவும்.

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைப் பயணம் என்றால் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

விசாவுக்கு அடுத்தபடி நாட்காட்டியில் குறிக்க வேண்டியது, நாஜிகளுக்குத் தப்பி ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் வீட்டின் டிக்கெட். வாசலில் விற்பதில்லை, இணையத்தில் மட்டும்தான் கிடைக்கும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நெதர்லாந்து நேரம் காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்து வரும் வாரத்துக்கான டிக்கெட்டுகளை வெளியிடுகிறார்கள். கோடைக் காலத்தில் அது இந்திய, இலங்கை நேரப்படி பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. சரியாக அந்த நேரத்தில் கணினி முன் உட்காருங்கள். நான் முதல் முறை போனபோது இதை அறியாமல், அந்த வீட்டின் பச்சைக் கதவை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்த வருத்தம் அடுத்த பயணம் வரை போகவில்லை.

ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்த டிக்கெட் எடுத்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இலவசம். வான் கோ அருங்காட்சியகம் போக நினைத்தால் அதற்கும் முன்பதிவு தேவை. மற்ற இடங்களுக்கு அன்றன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

தங்குமிடம் பற்றி ஒரே எச்சரிக்கை. கால்வாயோரப் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். படங்களில் மனம் மயங்கும். ஆனால் அந்த வீடுகளின் படிக்கட்டு ஏணியைப்போலச் செங்குத்தாக இருக்கும், பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அம்மா, அப்பாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் லிஃப்ட் உண்டா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அறை வாடகைக்கு மேல் 12.5 சதவீதம் நகராட்சிச் சுற்றுலா வரி உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் நுழைவதும் நகர்வதும்

ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மத்திய நிலையத்துக்கு ஏறத்தாழ கால் மணி நேரம். தனி டிக்கெட் தேவையில்லை. தொட்டுச் செலுத்தும் வங்கி கார்டை நுழையும்போது ஒரு முறையும் வெளியேறும்போது ஒரு முறையும் கருவியில் காட்டினால் போதும். டிராமிலும் பஸ்ஸிலும் இதே முறைதான். ஒருவருக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. இறங்கும்போது காட்ட மறந்தால் கூடுதலாகப் பணம் பிடிப்பார்கள். பல கடைகளில் ரொக்கம் வாங்குவதே இல்லை.

ஆனால் இந்த வழிகாட்டியில் உள்ள பெரும்பகுதிக்கு வாகனமே வேண்டாம். நல்ல செருப்பு அல்லது காலணி போதும். சிவப்பு நிறத்தில் போட்ட பாதை சைக்கிளுக்கானது. அதில் நிற்காதீர்கள், நின்று படம் எடுக்காதீர்கள், கடக்கும் முன் இரண்டு பக்கமும் பாருங்கள். அங்கே சைக்கிள் விளையாட்டுப் பொருள் அல்ல. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் ஒரு தாய் அந்த வேகத்தில்தான் வருவார். வாடகை சைக்கிள் எடுக்கும் ஆசை இருந்தால் மத்திய நிலையத்தின் பின்பக்கமிருந்து புறப்படும் இலவசப் படகில் ஏறி வடகரைக்குப் போய் அங்கே ஓட்டிப் பாருங்கள்.

நடக்கத் தொடங்கும் முன் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஊர் நிற்பது சதுப்பு நிலத்தின் மேல். மேலே களிமண்ணும் மக்கிய கரிமண்ணும். உறுதியான மணல் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில்தான் கிடைக்கும். எனவே, மரங்களைக் கம்பங்களாகச் செதுக்கி, மணல் தட்டும் வரை அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் வீடு கட்டினார்கள். டாம் சதுக்கத்து அரண்மனை ஒன்றுக்கு மட்டும் 13,659 கம்பங்கள். பள்ளிப் பிள்ளைகள் இந்த எண்ணை நினைவில் வைக்க ஒரு வழி சொல்வார்கள்: ஆண்டின் 365 நாளுக்கு முன்னால் ஒன்றையும் பின்னால் ஒன்பதையும் போட்டுக்கொள்.

மரம் தண்ணீரில் அழுகிவிடாதா என்று நமக்குத் தோன்றும். முழுவதும் நீருக்குள் இருக்கும்வரை காற்று படாது, எளிதில் அழுகாது. நீர்மட்டம் இறங்கிக் கம்பத்தின் தலை வெளியே தெரிந்தால்தான் ஆபத்து. ஆகவே, கால்வாயின் நீர்மட்டத்தை ஏறாமலும் இறங்காமலும் காப்பது இந்த ஊருக்கு உயிர்ப் பிரச்சினை. அதற்காக ஊரே ஓர் அளவுக்குறியை வகுத்தது. அது பின்னர் 'ஆம்ஸ்டர்டாம் மட்டம்' என்ற பெயரில் மற்ற ஐரோப்பிய நாடுகளும் பயன்படுத்தும் அடிப்படை அளவாக மாறியது. நகர மன்றமும் இசை அரங்கமும் சேர்ந்த கட்டடத்தின் நடைவழியில் இதைக் காட்டும் கண்ணாடித் தூண்களை வைத்திருக்கிறார்கள். இரண்டில் இன்றைய கடல்மட்டம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். மூன்றாவதில் தண்ணீர் உங்கள் தலைக்கு வெகு மேலே நிற்கும். அது 1953-ஆம் ஆண்டு வெள்ளத்தின் மட்டம். அந்த இரவில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். கட்டணம் கிடையாது. முதல் நாள் அந்தப் பக்கம் போகும்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கரைச்சுவர்களும் பழசாகிவிட்டன. 2020 செப்டம்பரில் கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் சுவரின் ஒரு பகுதி சரிந்து கால்வாய்க்குள் விழுந்தது. பல இடங்களில் இரும்புத் தகடு முட்டுக்கொடுத்து, வேலி போட்டு வேலை நடக்கிறது. உங்கள் புகைப்படத்தில் அது விழுந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் நாள்: அணையும் பழைய ஊரும்

காலை மத்திய நிலையத்தின் முன்வாசலில் நின்று தொடங்குங்கள். 1889-இல் திறந்த இந்த நிலையத்தை வரைந்தவர் பியர் கெய்பர்ஸ். ரைக்ஸ் அருங்காட்சியகமும் அவர் கைவண்ணம்தான். கடலைப் பார்த்திருந்த ஊரின் முகத்தை இந்த நிலையம் மறைத்துவிட்டது என்ற மனக்குறை அன்றைக்கே இருந்தது. இதன் இடத்தில் ஒரு காலத்தில் கப்பல்களின் பாய்மரங்கள் காடுபோல நின்றன என்று கற்பனை செய்துகொண்டு நடங்கள்.

முதல் நிறுத்தம் அவுட கெர்க் தேவாலயம், 'பழைய கோயில்' என்று பொருள். 1306-இல் அர்ச்சிக்கப்பட்டது, ஊரில் இன்று நிற்பவற்றில் மிகப் பழைய கட்டடம். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள், மரத்தாலான கூரை அப்படி ஈர்க்கும். நீங்கள் கீழேயும் பாருங்கள். தரை முழுவதும் கல்லறைக் கற்கள். அவற்றின் மேல்தான் நடக்கிறீர்கள். ஓவியர் ரெம்பிராண்ட்டின் மனைவி சாஸ்கியா 1642-இல் இங்கே புதைக்கப்பட்டார். ஆண்டுதோறும் மார்ச் 9 காலையில் சூரிய ஒளி சரியாக அந்தக் கல்லின் மேல் விழும்.

இந்தக் கோயிலைச் சுற்றித்தான் சிவப்பு விளக்குப் பகுதி. குடும்பத்தோடு போவதால் தயங்க வேண்டாம். காலை பத்து மணிக்கு அது அமைதியான பழைய தெரு மட்டுமே. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பெண்களைப் படம் எடுக்கக் கூடாது. அவர்களும் வேலை செய்யும் மனிதர்கள்.

அடுத்து, நான் மிகவும் விரும்பும் இடம். 1578-இல் ஊரின் ஆட்சி புராட்டஸ்டன்ட் பிரிவினர் கைக்கு மாறியது. கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபடக் கூடாது என்று ஆனது. ஆனால் வெளியே தெரியாதபடி வழிபட்டால் கண்டும் காணாமல் விட்டார்கள். யான் ஹார்ட்மன் என்ற வணிகர் தன் கால்வாயோர வீட்டையும் பின்னால் இருந்த இரண்டு வீடுகளையும் சேர்த்து, அவற்றின் மேல்மாடிகளைக் குடைந்து 1663-இல் ஒரு முழுத் தேவாலயத்தை அமைத்தார். இன்று அது 'பரணில் நம் ஆண்டவர்' என்ற பெயரில் அருங்காட்சியகம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. குறுகிய படிகளில் ஏறி, சமையலறையையும் படுக்கையறையையும் கடந்து, திடீரென்று மாடங்களும் பலிபீடமும் வைத்த மண்டபத்தில் நிற்பீர்கள். இடம் போதாததால் பிரசங்க மேடையைப் பலிபீடத்தின் தூணுக்குள் மடித்து வைக்கும்படி செய்திருக்கிறார்கள், அதைக் கேட்டுப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் சகிப்புத்தன்மை என்று பெருமையாகப் பேசுவார்கள். அதன் உண்மையான அளவு எவ்வளவு என்பதை இந்தப் பரணில் நின்றால் கண்ணால் அளக்கலாம்.

அங்கிருந்து நியூமார்க்ட் சதுக்கம். நடுவில் கோட்டைபோல நிற்பது வாக் கட்டடம். 1488-இல் நகர வாசலாகக் கட்டியது. ஊர் வளர்ந்து மதிலைத் தாண்டியபோது, வாசலை எடைபோடும் மண்டபமாக மாற்றினார்கள். வெளியே ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும்.

அடுத்து அவுட ஹோக்ஸ்ட்ராட் தெரு. 22-ஆம் எண் வீடு இரண்டு மீட்டர் அகலம்தான். எல்லோரும் அதைப் படம் எடுப்பார்கள். அதற்குப் பக்கத்து வளைவு வாசலுக்குள் நுழையுங்கள், 24-ஆம் எண். இது டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் தலைமையகம். கம்பெனி 1602-இல் உருவானது, இந்தக் கட்டடத்துக்கு 1606-இல் வந்தது. இப்போது ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. வேலை நாட்களில் முற்றத்துக்குள் போகலாம். மாணவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

தமிழ் பேசும் ஒருவர் இந்த முற்றத்தில் சற்று நேரம் நிற்காமல் போகக் கூடாது. பழவேற்காட்டில் 1613-இல் எழுந்த கெல்டிரியா கோட்டைக்கும், 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த நாகப்பட்டினத்துக்கும் உத்தரவுகள் புறப்பட்ட கம்பெனி இது. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய துணி இல்லாமல் இவர்களின் மசாலா வணிகமே நடந்திருக்காது; கிழக்குத் தீவுகளில் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் மாற்றாக அங்குள்ளவர்கள் கேட்டது நம் துணியைத்தான். அதே கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். 1621-இல் பண்டா தீவுகளில் ஜாதிக்காய்க்காக நடத்திய படுகொலையும் இந்தக் கம்பெனியின் கணக்கில்தான் வருகிறது. பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையின் மறுமுனை இந்தச் செங்கல் முற்றம். நாளை நீங்கள் பார்க்கப்போகும் மாளிகைகளின் செல்வத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதை இங்கே மனதில் வாங்கிக்கொண்டு மேலே நடங்கள்.

மதியத்துக்கு முன் ரெம்பிராண்ட்டின் வீடு. 1639-இல் 13,000 கில்டருக்கு வாங்கினார். அன்றைக்கு அது பெரிய தொகை. அவரால் அடைக்க முடியவில்லை. 1656-இல் நொடித்துப்போனார். கடன்காரர்களுக்காக வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றையும் அதிகாரிகள் பட்டியலிட்டார்கள். அந்தத் துயரமான பட்டியலை வைத்துத்தான் இன்று எந்த அறையில் எது இருந்தது என்று கண்டு வீட்டை மறுபடி அமைத்திருக்கிறார்கள். மாடியில் வடக்குப் பார்த்த ஓவியக்கூடம் இருக்கிறது. நிழல் அதிகம் ஆடாத அந்த வெளிச்சத்தில் வண்ணம் அரைத்துக் காட்டுகிறார்கள், பொறுமையாக நின்று பாருங்கள்.

நான் முன்பு சொன்ன நீர்மட்டத் தூண்கள் இங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கின்றன.

பிற்பகல் டாம் சதுக்கத்து அரண்மனைக்கு. யாக்கோப் வான் காம்பன் வரைந்து, 1648-இல் தொடங்கி 1655-இல் திறந்த இந்தக் கட்டடம் அரசருக்காகக் கட்டியதல்ல, நகர மன்றமாகக் கட்டியது. 1808-இல் நெப்போலியனின் தம்பி லூயி இதைத் தனக்கு அரண்மனையாக எடுத்துக்கொண்டார். இன்றும் அரசர் விருந்தினரை வரவேற்கும்போது மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் நாட்களை இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். பெரிய மண்டபத்தின் பளிங்குத் தரையில் உலக வரைபடத்தைப் பதித்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் வணிகர் உலகத்தின் மேல் நடந்தார் என்பதைச் சொல்ல இதைவிட வெளிப்படையான வழி இல்லை. பிறகு, திவாலானவர்களின் வழக்குகளைக் கவனித்த அறையின் கதவைத் தேடுங்கள். மேலே, கிரேக்கப் புராணத்தில் சூரியனை நெருங்கிப் பறந்து, இறக்கை உருகி வீழும் இகாரஸின் சிற்பம். அதைச் சுற்றிய அலங்காரத்தில் எலிகளும் கட்டாத ரசீதுகளும் செதுக்கியிருக்கும். ரெம்பிராண்ட்டின் திவால் விவகாரம் வந்துசேர்ந்தது இந்த அலுவலகத்துக்குத்தான். காலையில் அவர் வீட்டைப் பார்த்துவிட்டு மாலையில் இந்தக் கதவின் முன் நிற்கும்படி வரிசை அமைத்ததற்கு அதுவே காரணம்.

பொழுது மிச்சமிருந்தால் பெகைன்ஹோஃப். துறவறம் ஏற்காமல் பக்தி வாழ்க்கை வாழ்ந்த பெண்களின் வளாகம். நடுவே புல்வெளி, சுற்றிலும் வீடுகள். 1530 வாக்கில் கட்டிய கறுப்பு மரவீடு ஒன்று அங்கே நிற்கிறது. தீ விபத்துகளுக்குப் பிறகு மரவீடு கட்டத் தடை வந்ததால் இப்படிப்பட்டவை ஊரில் மிக அரிது. இன்றும் பெண்கள் குடியிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

இரண்டாம் நாள்: கால்வாய் வளையம்

காலை ஏழு மணிக்கு ப்ரௌவர்ஸ்கிராக்ட் ஓரத்தில் இருங்கள். இதை மட்டும் நான் வலியுறுத்திச் சொல்வேன். 'கிராக்ட்' என்றால் நகரக் கால்வாய். பீர் வடித்தவர்களின் பெயர் தாங்கிய இந்தக் கால்வாயின் இருபுறமும் பழைய கிட்டங்கிகள், நடுவில் பெரிய மரக்கதவு வைத்த சாளரங்களோடு நிற்கும். அந்த நேரத்தில் படகுகள் இல்லை, தண்ணீர் அசையாது, வீடுகள் தலைகீழாகத் தெரியும். பத்து மணிக்கு வந்தால் இந்தக் காட்சி கிடைக்காது.

1613-இல் தொடங்கிய விரிவாக்கத்தில் மூன்று பெரிய கால்வாய்கள் உருவாயின. ஹேரன்கிராக்ட், ஊரை ஆண்ட பெருமக்களின் பெயரில். கெய்சர்ஸ்கிராக்ட், பேரரசர் மாக்சிமிலியன் பெயரில். பிரின்சன்கிராக்ட், ஆரஞ்சு இளவரசர் பெயரில். 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது இந்த வளையத்தைத்தான்.

இங்கே பார்க்க வேண்டியது தனிக் கட்டடங்களை அல்ல, வீட்டு முகப்புகளை. எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். உச்சியைப் பாருங்கள். படிக்கட்டுபோல இருபுறமும் ஏறினால் 'படி முகப்பு'. 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதி வழக்கம் அது. நடுப்பகுதி மட்டும் கழுத்துபோல உயர்ந்து இருபுறமும் கல் அலங்காரம் இருந்தால் 'கழுத்து முகப்பு'. இதன் முதல் உதாரணம் ஹேரன்கிராக்ட் 168, பிலிப்ஸ் விங்போன்ஸ் 1638-இல் கட்டியது. கவிழ்த்த மணிபோல வளைந்திருந்தால் இன்னும் பிந்தியது, 18-ஆம் நூற்றாண்டில் அதிகம் கட்டினார்கள். புனலைத் தலைகீழாக வைத்ததுபோல எளிமையாக இருந்தால் அநேகமாகக் கிட்டங்கி.

உச்சியிலிருந்து ஓர் உத்தரம் நீண்டு, நுனியில் கொக்கி தொங்கும். வீட்டுப் படிக்கட்டு குறுகல் என்பதால் கட்டில், பீரோ எல்லாவற்றையும் கப்பியும் கயிறும் கட்டி ஜன்னல் வழியாக ஏற்றுவார்கள், இன்றும் செய்கிறார்கள். சுவரில் இடிக்காமல் சாமான் ஏற வேண்டும் என்பதும் முகப்பைச் சற்று முன்னோக்கிச் சாய்த்துக் கட்டியதற்கு ஒரு காரணம். பக்கவாட்டில் கோணலாகச் சாய்ந்திருந்தால் மட்டும் அடியிலிருக்கும் கம்பம் தளர்ந்துவிட்டது என்று பொருள். கதவு எண்கள் வருவதற்கு முன் வீட்டுக்கு அடையாளமாகச் சுவரில் செதுக்கிய கற்களையும் கவனியுங்கள்: மீன், கப்பல், எருது என்று வீட்டுக்காரரின் தொழிலோ பெயரோ அதில் இருக்கும். வாசலில் தெருவிலிருந்து ஏறும் கல் மேடைக்கு 'ஸ்டூப்' என்று பெயர். மாலையில் குடும்பத்தோடு அதில் உட்கார்ந்து போவோர் வருவோரிடம் பேசுகிறார்கள். திண்ணையை இழந்த நமக்கு அதைப் பார்க்கும்போது ஏக்கமாக இருக்கும்.

இனி வழி. ஹேரன்மார்க்ட் சதுக்கத்தில் மேற்கிந்தியக் கம்பெனியின் பழைய கட்டடம். மன்ஹாட்டனில் கோட்டை கட்ட இங்கிருந்துதான் முடிவெடுத்தார்கள். அடிமை வணிகத்தையும் இங்கிருந்துதான் நடத்தினார்கள். பிறகு கெய்சர்ஸ்கிராக்ட் 123, 1622-இல் கட்டிய 'தலைகள் வீடு'. முகப்பில் ஆறு ரோமானியத் தெய்வங்களின் தலைகள். அடுத்து ஹேரன்கிராக்ட் 168-உம் அதை ஒட்டிய பார்தலோட்டி வீடும். பின்னது கால்வாய் வளைவோடு சேர்ந்து வளைந்து நிற்கும் அழகு.

அப்படியே மேற்கே வந்தால் வெஸ்டர்கெர்க், 'மேற்குக் கோயில்'. 1631-இல் முடிந்தது. ரெம்பிராண்ட் 1669-இல் இங்கே வாடகைக் குழி ஒன்றில் புதைக்கப்பட்டார்; எந்த இடம் என்பது தெரியாது, நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது. கோயிலின் பக்கத்தில், கரையில், இளஞ்சிவப்புக் கருங்கல்லில் மூன்று முக்கோணங்கள் தெரியும். நாஜிகள் ஒருபாலீர்ப்பினருக்குக் குத்திய முத்திரையின் வடிவம் அது. 1987-இல் அமைத்த நினைவிடம். ஒரு முக்கோணம் தண்ணீருக்குள் இறங்கும் படியாக இருக்கிறது, அதில் எப்போதும் யாராவது பூ வைத்திருப்பார்கள்.

சில அடிகளில் பிரின்சன்கிராக்ட் 263. ஆன் ஃபிராங்க்கும் குடும்பமும் 1942 ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை இந்தக் கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்திருந்தார்கள், மொத்தம் எட்டுப் பேர். உயிரோடு திரும்பியவர் தந்தை ஓட்டோ ஒருவர்தான். அறைகள் வெறுமையாக இருக்கின்றன. அவர் விருப்பப்படி அப்படியே விட்டிருக்கிறார்கள். மேசை நாற்காலி போட்டு அலங்கரித்திருந்தால் இவ்வளவு கனம் இருந்திருக்காது. சுவரில் ஆன் ஒட்டிய நடிகைகளின் படங்களும், பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளும் இருக்கின்றன. படம் எடுக்க அனுமதி இல்லை. புத்தக அலமாரிக்குப் பின்னுள்ள படிகள் மிகச் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் உடனே அடுத்த இடத்துக்கு ஓட மனம் வராது. ஒரு மணி நேரம் எதையும் வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு யோசனை: தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சூரினாம் நாட்டு உணவகம் எதிலாவது ரொட்டி கேளுங்கள். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து சூரினாமுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் பலர், 1975-இல் அந்த நாடு விடுதலை பெற்ற காலத்தில் நெதர்லாந்துக்கு வந்தார்கள். உருளைக்கிழங்கும் நீளமான காராமணிக்காயும் மசாலாவில் வேக வைத்து மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். சைவமாகவும் கிடைக்கும், ஐரோப்பியச் சாப்பாட்டில் சோர்ந்த நாக்குக்கு ஆறுதல். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

பிற்பகலில் ஹேரன்கிராக்ட்டின் 'பொன் வளைவு'. லைட்ஸ்ட்ராட்டுக்கும் வைசல்ஸ்ட்ராட்டுக்கும் இடையில், இரண்டு மனைகளைச் சேர்த்துக் கட்டிய மாளிகைகள். முகப்பு அடக்கமாக இருக்கும், பணத்தை உள்ளே கொட்டியிருப்பார்கள். சற்று தள்ளி 502-ஆம் எண் நகர மேயரின் அதிகாரபூர்வ இல்லம். 1672-இல் அதைக் கட்டிக்கொண்டவர் அடிமை வணிகத்தில் ஈடுபட்டவர். வாசலில் அதைச் சொல்லும் நினைவுக்கல்லை நகரமே 2006-இல் பதித்தது. 2021 ஜூலை 1 அன்று மேயர் ஊரின் பெயரால் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார்.

உள்ளே போய்ப் பார்க்க ஒரே ஒரு மாளிகை என்றால் வான் லோன் வீடு, கெய்சர்ஸ்கிராக்ட் 672. கிழக்கிந்திய கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரின் வழிவந்த குடும்பம். பின்னால் தோட்டம், அதன் மறுகோடியில் குதிரை வண்டிக் கொட்டகை. வீதியிலிருந்து பார்த்தால் இப்படி ஓர் பசுமை உள்ளே இருப்பது தெரியவே தெரியாது. ஜூன் மாதத்தில் வந்தால் 'திறந்த தோட்ட நாட்களில்' இன்னும் பல வீடுகளின் தோட்டங்களைப் பார்க்கலாம்.

படகுச் சவாரியை இந்த மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகப்புகளைப் படிக்கத் தெரிந்த பிறகு தண்ணீரிலிருந்து பார்ப்பது வேறு அனுபவம். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய படகைவிட, திறந்த சிறு படகு நல்லது. குளிருக்குப் போர்வை தருவார்கள். ரெகுலியர்ஸ்கிராக்ட் முனையில் ஏழு பாலங்களின் வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். விளக்கு எரியத் தொடங்கிய பிறகு அந்த இடத்தைக் கடக்கும்படி நேரம் பாருங்கள். இறங்கியதும் ஆம்ஸ்டல் ஆற்றின் மேலுள்ள மகெரெ ப்ரக் வரை நடங்கள். 'ஒல்லிப் பாலம்' என்று பொருள். நடுவில் தூக்கி வழிவிடும் மரப்பாலம்; இன்றுள்ளது 1934-இல் பழைய வடிவிலேயே புதுப்பித்தது.

மூன்றாம் நாள்: யூதர் பகுதியும் ரைக்ஸ் அருங்காட்சியகமும்

சனிக்கிழமையில் இதை வைக்காதீர்கள், ஜெப ஆலயம் மூடியிருக்கும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மத விசாரணைக்குத் தப்பி வந்த யூதர்கள் 1675-இல் எழுப்பிய போர்த்துகீசிய ஜெப ஆலயத்தில் இன்றும் மின்விளக்கு கிடையாது. பெரிய பித்தளைத் தொங்குவிளக்குகளில் ஆயிரம் மெழுகுவத்திகள்தான். தரையில் மெல்லிய மணல் தூவியிருக்கும், காலடி ஓசை அதில் அமுங்கிவிடும்.

வெளியே சதுக்கத்தில் ஒரு கப்பல்துறைத் தொழிலாளியின் சிலை. யூதர்களை நாஜிகள் பிடித்துச் சென்றதை எதிர்த்து 1941 பிப்ரவரி 25 அன்று டிராம் ஓட்டுநர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் நினைவு இது. சிறிது தூரத்தில் ஹாலந்து நாடக அரங்கம். நாடு கடத்தும் முன் யூதர்களை அடைத்து வைத்த இடம். பிள்ளைகளை மட்டும் எதிர்ப்பக்கக் காப்பகத்தில் வைத்தார்கள். நடுவில் டிராம் வந்து காவலர் கண்ணை மறைக்கும் நொடிகளில் குழந்தைகளை வெளியே கடத்தி, ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றினார்கள். அந்தத் தெருவில் இன்றும் டிராம் ஓடுகிறது. 2024-இல் திறந்த தேசிய யூத இனப்படுகொலை அருங்காட்சியகம் இந்தக் கதையை முழுமையாகச் சொல்கிறது.

வேஸ்பர்ஸ்ட்ராட்டில் உள்ள பெயர்களின் நினைவிடத்துக்குக் கட்டணம் இல்லை. கொல்லப்பட்ட 1,02,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு செங்கல். ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த நாள், இறந்தபோது வயது. வயதைப் படித்துக்கொண்டே நடங்கள்.

மதியத்துக்குப் பிறகு டிராமில் ரைக்ஸ் அருங்காட்சியகம். மாலை ஐந்துக்கு மூடுவார்கள், எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். நேராக இரண்டாம் தளத்துக்கு ஏறி, ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய 'இரவுக் காவல்' முன் நில்லுங்கள். 1715-இல் இதை நகர மன்றத்துக்கு, அதாவது நீங்கள் முதல் நாள் பார்த்த அரண்மனைக்கு, கொண்டுபோனபோது சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு ஓரத்தையும் வெட்டிவிட்டார்கள். 2019 முதல் ஆய்வும் பராமரிப்பும் மக்கள் கண்முன்னே கண்ணாடி அறைக்குள் நடந்துவருகின்றன.

பிறகு கீழே இறங்கி ஆசிய மண்டபத்தைக் கேளுங்கள். தண்ணீர் சூழ, தனியாகக் கட்டிய சிறு கட்டடம். பலர் அங்கே வருவதே இல்லை. சோழர் காலத்து நடராசர் ஒருவர் அங்கே நிற்கிறார், ஏறத்தாழ ஐந்தடி உயரம், 12-ஆம் நூற்றாண்டு வார்ப்பு. உள்ளே கூடு விடாமல் முழுக்கத் திண்மையாக வார்த்தது என்பதை ஊடுகதிர்ப் படம் எடுத்து உறுதி செய்திருக்கிறார்கள். சுற்றி வந்து பின்பக்கமும் பாருங்கள், சடை விரிந்த விதம் அங்கிருந்துதான் சரியாகத் தெரியும். அவருக்கென்று அரை மணி நேரம் மிச்சம் வையுங்கள். நாலரை மணிக்கெல்லாம் அங்கே வந்துவிடுங்கள்.